செம்மணியைக் கடக்கும் பஸ்ஸில் இருந்து

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் வருகிறவர்களுக்கு இந்த வழி மனப்பாடம். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு. ஆனையிறவில் உப்புக்காற்று. சாவகச்சேரி தாண்டினால் நாவற்குழிப் பாலம். அதற்குப் பிறகு செம்மணி வெளியும் வரவேற்பு வளைவும். போன மாதமும் அப்படித்தான் வந்தேன். சாரதி போட்டிருந்த பழைய சினிமாப் பாட்டு அந்த இடத்திலும் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்திரிகைத் தொழிலில் முடி நரைத்த எனக்கு, அந்தச் சில நிமிடங்கள் மட்டும் எந்தப் பாட்டும் காதில் ஏறுவதில்லை.

இந்த வீதியால்தான் 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. சனம் திரும்பி வந்த பிறகு, 1996 செப்ரெம்பர் 7 அன்று, பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும்கூட உயிரோடு திரும்பவில்லை. அந்த வழக்கில் 1998இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட படைச் சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டினார்கள். 15 உடல்கள் கிடைத்தன. அத்தோடு மண்ணை மூடிவிட்டார்கள். செய்தியும் மூடப்பட்டது.

ஓய்வு காலத்தில் நான் சைவ சித்தாந்த நூல்களைப் படிக்கத் தொடங்கினேன். பக்தி என்பதைவிட, நிருபர் புத்திதான் அதற்குக் காரணம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அளவையைப் பற்றிப் பேசுகிறது. ஒரு விடயம் உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அளவைகள் பலவற்றை எண்ணிவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் மூன்றுக்குள் அடக்கிவிடுகிறது: காண்டல், கருதல், உரை. கண்ணால் காண்பது, கண்டதை வைத்து ஊகித்து அறிவது, நம்பத்தகுந்தவர் சொல்வது.

செம்மணியை இந்த மூன்றோடும் பொருத்திப் பாருங்கள். உரை 1998இலேயே கிடைத்தது. அதுவும் அந்தப் படையிலேயே இருந்தவரின் வாயால். அதற்கு முன்பே நூற்றுக்கணக்கான தாய்மார் சொல்லியிருந்தார்கள். அவர்களின் சொல் உரையாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. அரசு காண்டலை மட்டும் கேட்டது. 15ஐக் கண்டதும், மீதி இல்லை என்று கருதிக்கொண்டது.

2025இல் அரியாலை சிந்துபாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது எலும்புகள் வெளிவந்தன. 1999இல் தோண்டிய இடத்திலிருந்து அது அதிக தூரமில்லை. நீதிமன்ற மேற்பார்வையில் இரண்டு கட்டங்களாக நடந்த அகழ்வில் 200க்கு மேற்பட்ட மனித என்புத் தொகுதிகள் எடுக்கப்பட்டன. ஒரு சிறுபிள்ளையின் என்புகளோடு நீல நிறப் புத்தகப்பையும் விளையாட்டுப் பொம்மையும் வந்தன. 26 வருடம் பிந்தி, காண்டல் வந்து சேர்ந்தது.

இப்போது மிச்சமிருப்பது கருதல். இந்த என்பு யாருடையது, எந்த ஆண்டு, யார் பிடித்தது, யார் புதைத்தது என்று ஒன்றோடொன்று பொருத்துகிற வேலை. நாம் தோற்றுப்போகக்கூடிய இடம் இதுதான். மன்னார் சதொச வளாகப் புதைகுழியில் 300க்கு மேற்பட்ட என்புத் தொகுதிகள் எடுக்கப்பட்டன. அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் கார்பன் பரிசோதனை 2019இல் அவற்றை 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையான காலத்துக்குரியவை என்று சொன்னதும், ஊர் முழுக்கப் பேச்சு அடங்கிப்போனது. எண்ணிக்கை மட்டும் எதையும் நிரூபிக்காது என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டியதில்லை. செம்மணிக்கு வேண்டியது பெயர்கள்.

பெயர் ஏன் வேண்டும் என்பதை எனக்குச் சட்டத்தரணி யாரும் விளக்கவில்லை. வடமராட்சியில் ஒரு தாய் விளக்கினார். எங்கள் செத்தவீடுகளில் சுண்ணம் இடிப்பதை நீங்கள் அறிவீர்கள். உரலையும் உலக்கையையும் வைத்து, திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணத்தைப் பாடுவார்கள். இறைவன் திருமுழுக்குக்குப் பொற்சுண்ணம் இடிக்கும் பெண்களின் மகிழ்ச்சிப் பாட்டு அது. அதைச் சாவீட்டில் பாடத் துணிந்த மனம் பெரிய மனம். இறந்தவர் போய்ச் சேருமிடம் சேர்கிறார் என்ற நம்பிக்கையின் இசை. ஆனால் அந்தப் பாட்டுக்கு ஒரு உடல் வேண்டும். அந்தியேட்டிக்கு நாள் வேண்டும். திவசத்துக்குத் திதி வேண்டும்.

அந்தத் தாயிடம், மகனுக்குக் கிரியை ஏதும் செய்தீர்களா என்று கேட்டுவிட்டேன். நிருபர் பழக்கம். அவர் கோபப்படவில்லை. "தம்பி, நான் சுண்ணம் இடிக்க விட்டால், அவன் செத்துப்போனான் எண்டு நானே கையெழுத்து வைச்ச மாதிரி. கொண்டுபோனவன் வந்து சொல்லட்டும், பிறகு இடிப்பம்" என்றார். ஒப்பாரிகூட வைக்கவில்லையாம். அவர் இப்போது இல்லை. போன ஆண்டு அவருக்கே சுண்ணம் இடித்தார்கள்.

அவரோடு போனது ஒரு சாட்சி மட்டுமல்ல. ஒரு மரபணுவும் போனது. என்புகளை அடையாளம் காண நெருங்கிய உறவின், முக்கியமாகப் பெற்றோரின், மாதிரி வேண்டும். ஆர்ஜென்டினாவில் 1977இலிருந்து பிளாசா தே மாயோ சதுக்கத்தில் நின்ற தாய்மாரும் பாட்டிமாரும் இதை நேரத்தோடு புரிந்துகொண்டார்கள். பாட்டிமார் விடாமல் கேட்டதால் 1987இல் அங்கே சட்டப்படி தேசிய மரபணு வங்கி வந்தது. கொடுத்தவர்கள் இறந்த பின்னும் அவர்களுடைய இரத்தம் அங்கே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. எங்கள் தாய்மார் கிளிநொச்சியில் பந்தல் போட்டு உட்கார்ந்தது 2017 பெப்ரவரியில். அன்று இருந்தவர்களில் பலர் இன்று இல்லை. காலம் தாழ்த்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே, சர்வதேச விசாரணையைக் கேட்போம். அதைக் கைவிடச் சொல்லவில்லை. அதோடு சேர்த்து, உறவுகளின் மரபணு மாதிரிகளைச் சுயாதீனமான நிபுணர்கள் எடுத்துப் பாதுகாக்கும் ஏற்பாட்டையும் அதே குரலில் கேட்போம். யார் கையில் அந்த மாதிரிகள் இருக்கும் என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்குரிய காவலையும் கேட்டு வாங்க வேண்டும்.

அது வரும்வரை ஒரு கொப்பி போதும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாயோ தகப்பனோ இருந்தால் இந்தக் கிழமையே பக்கத்தில் இருந்து கேட்டு எழுதுங்கள். போன நாள், நேரம், உடுத்த உடுப்பின் நிறம், முறிந்த எலும்பு, அடைத்த பல், கழுத்தில் கிடந்த சங்கிலி, சட்டை தைத்த தையற்காரர். சின்ன விடயம் என்று எதையும் விடாதீர்கள். கீழே திகதி போட்டு அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நாற்பது வருடம் செய்தி எழுதியவன் சொல்கிறேன், எழுதி வைக்காத சாட்சியம் சாட்சியோடு போய்விடும்.