பெண்ணுக்கு நட்சத்திரமா? நட்சத்திரத்துக்குப் பெண்ணா?

ஆவடியில் யுத்த டாங்கி செய்கின்ற தொழிற்சாலை இருக்கின்றது. அம்பத்தூரில் தெருவுக்குத் தெரு யந்திரப் பட்டறைகள் இருக்கின்றன. அவற்றில் உழைக்கும் தோழர்கள் எதையும் அளந்து பார்த்த பிறகே நம்புவார்கள். ஆனால், பெற்ற பெண்ணின் விஷயம் வந்தவுடன் அளவுகோலை ஆணியில் மாட்டிவிட்டு, ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிப் பக்கம் சோதிடர் வீட்டைத் தேடி ஓடுகின்றார்களே, இதற்கு என்ன பேர்?

சோதிடர் சொல்வதென்ன? பெண் மூல நட்சத்திரமாம், மாமனாருக்கு ஆகாதாம், ஆதலால் படிப்பை நிறுத்தி, வந்த வரனுக்குத் தள்ளிவிட வேண்டுமாம். அந்த நட்சத்திரமோ பல நூறு ஒளியாண்டு தூரத்தில் இருக்கின்றது. இன்று நாம் காணும் அதன் வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்ட நாளில் மாமனாரின் பாட்டனுக்குப் பாட்டனே பிறக்கவில்லை!

நிற்க, வானத்துக் கதிர்களை மெய்யாகவே ஆராய்ந்த ஒரு பெண்ணின் வரலாற்றைக் கேளுங்கள். 1913-இல் பிறந்த பிபா சௌத்ரி, கல்கத்தா சர்வகலாசாலையில் 1936-இல் பௌதிக எம்.எஸ்ஸி. தேறினார். வகுப்பில் அவர் ஒருவரே பெண். தேவேந்திர மோகன் போஸுடன் சேர்ந்து, டார்ஜிலிங் மலையில் போட்டோத் தகடுகளை வைத்து விண்கதிர்களின் தடம் பிடித்தார். யுத்த காலத்தில் நல்ல தகடு கிடைக்கவில்லை, வேலை நின்றது. பிற்பாடு அதே வழியில் நல்ல தகடு கொண்டு ஆராய்ந்த இங்கிலாந்துப் பவலுக்கு 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிபாவோ மான்செஸ்டரில் பிளாக்கெட்டிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். விண்கதிர் காற்றில் மோதி மழைபோல் சிதறுவதே அவர் எடுத்த பொருள். 1949-இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, அங்கே முதல் பெண் ஆராய்ச்சியாளர் ஆனார்.

அந்தச் சிதறலைப் பிடித்துத்தான் இன்று தரையிலிருந்து காமாக் கதிரை ஆராய்கின்றார்கள். வெளிச்சங்களிலெல்லாம் வலியது காமாக் கதிர். அதுவும் நேராகத் தரைக்கு வருவதில்லை. மேலே காற்றில் மோதி மடிந்து, கண் இமைப்பதற்கும் வெகு குறைந்த நேரம் நீலமாய் மின்னுவதோடு சரி. அந்த மின்னலுக்காக 1970-களில் ஊட்டி மலையில் கண்ணாடிகளை வைத்துக்கொண்டு நிலவில்லா இரவுகளில் காத்துக் கிடந்தார்கள். லடாக் ஹான்லேயில் 2024-இல் 21 மீட்டர் அகலத் தொலைநோக்கியே திறந்தார்கள். இத்தனை வலிய கதிருக்கே இந்தக் கதியானால், சோதிடரின் கிரகக் கதிர் மட்டும் காற்றையும் ஆஸ்பத்திரிக் கூரையையும் துளைத்து, தொட்டில் குழந்தையைப் பிடித்து, இருபது வருஷம் காத்திருந்து மாமனாரைக் கொல்லுமா?

காமாக் கதிர் ஆராய்ச்சிக்கு வருகின்றவர் எம்.எஸ்ஸி. தேறி, டாக்டர் பட்டத்துக்கு ஐந்தாறு வருஷம் உழைத்து, கண்டதை எழுதி, பிறர் குற்றம் பார்க்க நீட்ட வேண்டும். பிசகினால் பேர் போகும். சோதிடருக்குப் பரீட்சை ஏது? பிசகினால் பரிகாரம், அதற்கும் தட்சணை!

பிபா 1991-இல் இறந்தார். உயிரோடிருந்தவரை பெரிய விருது எதையும் நாடு அவருக்குக் கொடுக்கவில்லை. 2019-இல் சர்வதேச வானியல் சங்கம் ஒரு நட்சத்திரத்துக்கே 'பிபா' என்று பேரிட்டது. நட்சத்திரத்தால் பெண்ணுக்குக் கேடு என்று சொல்லும் நாட்டில், பெண்ணால் நட்சத்திரத்துக்குப் பேர் வந்தது!

தோழர்களே! மூலத்தில் பிறந்தவளை மூலையில் உட்கார வைக்கப் போகின்றீர்களா, காலேஜுக்கு அனுப்பப் போகின்றீர்களா?