பிறப்பிலா உள்ளது குற்றம்?

கருவிலேயே கள்வன் உண்டோ? உண்டென்றது ஆங்கிலேயனின் 1871ஆம் ஆண்டுக் குற்றக்குடிச் சட்டம்! 1911இல் அது சென்னை மாநிலத்தையும் கவ்வியது.

உப்பும் தவசமும் ஊரூராய் விற்று வாழ்ந்த குறவர்தம் பிழைப்பை அரசின் உப்புவரியும் தொடர்வண்டியும் அழித்தன. பிழைப்பைப் பறித்தவன் முறைமன்றில் அமர்ந்தான். பறிகொடுத்தவன் பிறவித் திருடனாய் ஏட்டிலேறினான்!

கள்ளர்குடியினர்மீதும் அதே பழி. 1920 ஏப்பிரல் 3ஆம் நாள், பெருங்காமநல்லூரில் கைவரி பதிக்க மறுத்தோர் பத்துப் பேருக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டனர்.

சென்னை மாநிலத்தில் 1947இலும் இந்திய அளவில் 1952இலும் அச்சட்டம் நீங்கிற்று. ஆயினும் வழக்கக் குற்றவாளிச் சட்டங்கள் அதனிடத்தைப் பிடித்தன. பெயர் மாறிற்று, ஐயப்பார்வை மாறவில்லை!

செயலை ஆராய்ந்து ஒறுப்பதே முறை. குடியைப் பார்த்து ஒறுப்பது கொடுமை. வறுமையை விட்டு வறியவனை ஒடுக்கும் அரசு குற்றத்தை ஒழிப்பதில்லை, வளர்க்கிறது!