எட்டாத அலாரம் எதற்கு?

பிரிஸ்பேனில் வாழும் என் சித்தப்பா, மூன்றாண்டுகளுக்கு முன் செங்கல்பட்டு வீட்டிற்கு வந்தபோது ஒரு புகை அலாரம் கொண்டுவந்தார். எங்களுடையது பழைய வீடு. உத்தரம் போட்ட உயரமான கூரை. அடுக்களை வாசலுக்கு நேர் மேலே, ஏணி வைத்து அதை மாட்டினார். மறுநாளே பாட்டி வடகம் தாளித்தார், அலாரம் அலறியது, தெருவே எட்டிப் பார்த்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் அதே கூத்து! சில மாதங்கள் கழித்து இரவெல்லாம் 'கீச், கீச்' என்றது. பல்லி என்று நினைத்தோம். பேட்டரி தீர்ந்ததற்கு அடையாளமாம். ஏணி இரவல் வாங்கிக் கழற்றியதோடு சரி. அது பீரோவுக்குள் போய்விட்டது.

தோழியரே, குற்றம் பாட்டியுடையதன்று, கருவியுடையதும் அன்று. மாட்டிய இடத்தினுடையது என்பதே என் எண்ணம்.

சித்தப்பா வாழும் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகள், படுக்கையறை ஒவ்வொன்றிலும் அவற்றை இணைக்கும் நடைவழியிலும் அலாரம் கேட்கின்றன. ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்க வேண்டும். மின்சாரத்தில் இயங்க வேண்டும். இல்லையேல் கழற்ற முடியாத பத்தாண்டு பேட்டரி வேண்டும். மின்விசிறி இறகிலிருந்து 40 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும். ஒளியால் புகையை உணரும் வகையே ஏற்கப்படும். அது தாளிப்புக்குச் சற்றுக் குறைவாகவே அலறும்.

நம் ஊரில் தனி வீடுகளுக்கு இத்தகைய கட்டாயம் இல்லை. விதி வரட்டும், பார்ப்போம் என்பர் சிலர். விதி எப்போது வருகிறது? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரையைப் பற்றி, 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு முனைந்தது அதற்குப் பிறகுதான்.

மாமல்லபுரம் பக்கத்துக் குப்பங்களில் விறகடுப்பு எரியும் குடிசைகளுக்கு இது பொருந்தாது, நாளெல்லாம் அலறும். அங்கே அடுப்பருகே ஒரு குடம் தண்ணீரும் ஒரு வாளி மணலும் மேல். கடலோர மாடி வீட்டார் வைக்கலாம். ஆனால் சைக்கிள் செயினையே தின்னும் உப்புக் காற்று பேட்டரி முனையை மட்டும் விடுமா? அடிக்கடி சோதிக்க வேண்டும். இன்னொன்று: காஸ் கசிவை இக்கருவி அறியாது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதற்குரிய கருவி வேறு. அதைத் தாழ்வாக வைக்க வேண்டும்.

சென்ற கோடையில் புதிய அலாரம் ஒன்று வாங்கி, பின்கட்டில் தாழ்ந்த தளம் போட்ட படுக்கையறை வாசலில் மாட்டினோம். மாதம் பிறந்ததும் பாட்டி ஒட்டடைக் கம்போடு வருகிறார். அதன்மேல் உள்ள தூசியையும் சிலந்தி வலையையும் தட்டிவிட்டு, கம்பைத் திருப்பி அடிமுனையால் பொத்தானை அழுத்துகிறார். அது கத்தியதும், "உயிரோடுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போகிறார்.