ஆண்டையின் உத்தரவு: நந்தன் கதையிலிருந்து ஊராட்சி நாற்காலி வரை

தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிவடைந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய டெல்டா மாவட்டங்களும் அவற்றுள் அடங்கும். அதன்பின் நிர்வாகம் தனி அலுவலர்களின் கைக்குச் சென்றது. அடுத்த தேர்தல் வரும்போது, அரசமைப்புச் சட்டத்தின் 243டி பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் யார் வேட்பாளர் என்ற பேச்சு மீண்டும் எழும். அந்தப் பேச்சு நம் ஊர்களில் பெரும்பாலும் வேறொரு கேள்வியோடு தொடங்குகிறது: 'அவன் யாருடைய ஆள்?'

இந்தக் கேள்வியை 2024 செப்டம்பரில் வெளிவந்த 'நந்தன்' திரைப்படம் மையமாக்கியது. இரா. சரவணன் இயக்கிய அப்படத்தில், தனி ஊராட்சியாக மாறிய ஊரின் ஆதிக்க சாதித் தலைவர், தம் வீட்டில் ஏவல் செய்யும் தலித் ஒருவரையே தலைவர் பதவியில் அமர்த்துகிறார். சசிகுமார் ஏற்ற அந்த ஏவலாளுக்கு எசமானர்மீது உண்மையான பாசம் இருக்கிறது. அவர் காலால் இட்ட வேலையைத் தலையால் செய்வதைப் பெருமையாகக் கருதுகிறார். அச்சம் இருந்தால் எதிர்க்கலாம். பாசத்தை எப்படி எதிர்ப்பது? படம் எழுப்பும் உண்மையான கேள்வி இதுவே. அதற்கான விடையைத் தேட, படத்தின் தலைப்புக்கு உரியவரின் கதைக்கே செல்ல வேண்டும்.

நாடகத்துக்குள் நுழைந்த ஆண்டை

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருநாளைப்போவாருக்கு ஆண்டை என்று எவருமில்லை. கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூரில், ஊர்த்தொழிலுக்கென விடப்பட்ட நிலத்தைக் கொண்டு வாழ்ந்தவராகவும், கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்தவராகவும் அவர் காட்டப்படுகிறார். தில்லைக்குப் போக அவரைத் தடுத்தது பிறப்பின்மீது சுமத்தப்பட்ட தீட்டு. தனியொரு முதலாளி அவரைத் தடுக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யை இயற்றியபோதுதான் வேதியர் என்ற நிலவுடைமையாளர் கதைக்குள் வந்தார். நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து, மயிலாடுதுறை அருகேயுள்ள ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர் பாரதியார். தம் கண்முன் இருந்த பண்ணை முறையையே அவர் புராணத்துக்குள் கொண்டுவந்தார். நந்தன் பண்ணையாள் ஆனார். சிதம்பரம் செல்ல அவர் இறைவனிடம் வேண்டுவதற்கு முன் ஆண்டையிடம் உத்தரவு கேட்க வேண்டியதாயிற்று. நாற்பது வேலி நிலத்தின் வேலையை ஒரே இரவில் முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலி என்பது 260 ஏக்கருக்கும் மேல். விடிவதற்குள் தெய்வ அருளால் வேலை முடிகிறது. வேதியர் மனம் மாறி நந்தனை வணங்குகிறார்.

இந்தப் புனைவுக்கு ஒரு நேர்மை உண்டு. தீண்டாமையின் வேர் கோயில் வாசலில் மட்டும் இல்லை, நெல்வயலிலும் இருக்கிறது என்பதை அது மேடையிலேயே சொல்லிவிட்டது. ஆனால் விடுதலைக்கு அது காட்டிய வழிகள் இரண்டே: தெய்வத்தின் அற்புதம், ஆண்டையின் மனமாற்றம். பண்ணையாளின் கூலி என்ன, அவர் குடிசை யாருடைய நிலத்தில் நிற்கிறது, மறுத்தால் என்ன நடக்கும் என்பவை கதைக்கு வெளியே நின்றன.

இந்த வார்ப்பு கதாகாலட்சேபத்திலிருந்து திரைக்கு வந்தது. 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் ஜெமினியின் படத்தில் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தனர். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகம் மட்டும் நந்தனைத் தீக்கு அனுப்பியது மனிதர்களின் சூழ்ச்சியே என்று கதையைத் திருப்பிப் படித்தது. பொதுப் போக்கு மாறவில்லை. 'முத்து'வில் வேலைக்காரனுக்கு முழு மரியாதை கிடைப்பதற்கு அவன் பிறப்பால் ஜமீன் வாரிசாக இருக்க வேண்டியிருந்தது. 'தேவர் மகன்' இசக்கியின் இடத்திலிருந்து பிறந்தவனே தன் 'மாமன்னன்' என்று மாரி செல்வராஜ் 2023இல் சொன்னபோது எழுந்த சலசலப்பு, விசுவாசமுள்ள ஏவலாளின் படிமத்தைத் தொட்டால் எத்தனை பேருக்கு வலிக்கிறது என்பதைக் காட்டியது. தொலைக்காட்சித் தொடர்களின் பெரிய வீடுகளில் 'எங்கள் வீட்டில் ஒருவர்' என்று அழைக்கப்படும் வேலையாளுக்கு இன்றும் சம்பளம் பற்றிய காட்சி அநேகமாக இருப்பதில்லை.

வயலில் நடந்தது

டெல்டாவில் பண்ணையடிமை முறை அற்புதத்தாலும் ஒழியவில்லை, மனமாற்றத்தாலும் ஒழியவில்லை. சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்த மண்ணில், 1940களில் பி. சீனிவாசராவ் முதலானோர் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினர். மிராசுதார்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டிய நிலை உருவானது. ஆண்டையும் பண்ணையாளும் ஒரே தாளில் இரு தரப்பினராக எழுதப்பட்டதே அன்றைய நிலையில் ஒரு புரட்சிதான்.

1952இல் வந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், பண்ணையாளைக் காரணமின்றி நீக்கக் கூடாது என்றது, கூலியை வரையறுத்தது. உறவு உரிமையாக மாறியதும் பாசம் எவ்வளவு விரைவில் வற்றியது என்பது கவனிக்கத்தக்கது. தலைமுறை தலைமுறையாக 'நம் வீட்டுப் பிள்ளைகள்' என்று சொல்லப்பட்டவர்களைப் பல மிராசுதார்கள் விலக்கிவிட்டு நாட்கூலிக்கு மாறினர். உரிமை கேட்காதவரைதான் அவர்கள் பிள்ளைகளாக இருந்தனர்.

குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையதாகவே இருந்தது. எதிர்த்துப் பேசினால் வேலையோடு வீடும் போகும். அந்தப் பிடியைத் தளர்த்தியது 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு உரிமைச் சட்டம். விசுவாசம் என்று நாடகங்கள் பாடியதில் எவ்வளவு பங்கு மனைப்பட்டா இன்மையால் விளைந்தது என்று எவரும் அளந்து பார்த்ததில்லை.

நீதிமன்றம் நம்பிய படிமம்

கூலி உயர்வு கேட்டதற்கும் செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் விலையாக, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டனர். விசாரணை நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. பெருநிலம் படைத்த மிராசுதார்கள் தாமே நடந்து சென்று குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப இயலவில்லை என்ற பொருள்பட அந்தத் தீர்ப்பு பேசியது. ஆண்டை கண்டிப்பார், கோபிப்பார், ஆனால் கொல்ல மாட்டார் என்பது சாட்சியத்தில் இருந்து வந்த முடிவு அன்று. பண்பாடு ஊட்டிய நம்பிக்கை. மேடையில் கண்ட வேதியரின் நிழல் தீர்ப்புக்குள்ளும் விழுந்தது.

பாசமும் கட்டாயமும்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இரு முக்கியமான குற்றங்களைப் பெயரிடுகிறது. வேட்புமனு தாக்கல் செய்யவிடாமல் தடுப்பது 3(1)(எல்) பிரிவின் கீழ் குற்றம். ஊராட்சித் தலைவரைக் கட்டாயப்படுத்தியோ மிரட்டியோ தடுத்தோ அவரது பணியைச் செய்யவிடாமல் ஆக்குவது 3(1)(எம்) பிரிவின் கீழ் குற்றம். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை.

'நந்தன்' படம் காட்டும் உறவில் சிக்கல் இங்கேதான் எழும். 'அவர்தான் என்னைத் தலைவராக்கினார்' என்று பாதிக்கப்பட்டவரே சொல்லும்போது 'கட்டாயம்' எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்கும். 'தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவர்தானே?' என்ற குறுக்கு விசாரணைக் கேள்வி, சோற்றையே குற்றவாளிக்கான தற்காப்பாக மாற்றிவிடும்.

இதற்கான விடை நம் சட்டவியலிலேயே உண்டு. ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுமானத் தொழிலாளர்களைப் பற்றிய மக்கள் ஜனநாயக உரிமைகள் சங்க வழக்கில், 1982இல் உச்சநீதிமன்றம் அரசமைப்பின் 23ஆம் பிரிவை விரித்துப் படித்தது. கட்டாயம் என்பது தடியாகவோ மிரட்டலாகவோ மட்டும் வருவதில்லை. பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் ஆக்கினால் அதுவும் கட்டாயமே என்றது. கூலி உழைப்பைப் பற்றிச் சொல்லப்பட்ட இந்த அளவுகோலை 3(1)(எம்) பிரிவில் வரும் 'கட்டாயம்' என்ற சொல்லுக்கும் பொருத்த வேண்டும் என்பதே என் வாதம். வேலையும் கடனும் வீட்டு வழியும் ஒருவர் கையில் இருக்கும்போது, அவர் நீட்டும் தாளில் இடப்படும் கையெழுத்தைத் தன்விருப்பம் என்று கருதிவிடக் கூடாது.

நாற்காலி யாருடையது?

2020 அக்டோபரில், சிதம்பரத்தை அடுத்த தெற்குத் திட்டையில், மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தலித் பெண் ஊராட்சித் தலைவர் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளியானது. அது வெளியான பிறகே வன்கொடுமை வழக்குப் பதிவானது. 2022இல் சுதந்திர நாளுக்கு முன், தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை எவரும் தடுக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தில்லைக்குப் போக நந்தன் கேட்ட உத்தரவு, கொடிக்கயிற்றைத் தொடுவதற்கும் தேவைப்பட்டிருக்கிறது.

தடுப்பதற்குச் சவுக்கும் வேண்டியதில்லை. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு உள்ள ஒதுக்கீடு துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. அவர் பேனாவை மூடிவைத்தால் குடிநீர்க் குழாய் முதல் தெருவிளக்கு வரை எல்லாம் நிற்கும். பழிச்சொல் மட்டும் தலைவருக்கு வரும்.

எனவே அடுத்த தேர்தலுக்கு முன் அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. தனி ஊராட்சிகளில் காசோலைக்கான கூட்டுக் கையெழுத்து முறையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். காரணமின்றிக் கையெழுத்தை மறுப்பதை 3(1)(எம்) பிரிவின் கீழ் ஆராயக் காவல்துறைக்கு வழிகாட்ட வேண்டும். வேட்புமனுக் காலத்தில் மாவட்ட விழிப்புக் குழுக்கள் தனி ஊராட்சிகளுக்கு நேரில் செல்ல வேண்டும். ஊர்க்கூட்டத்தில் பதவி ஏலம் விடப்பட்டாலோ 'பொது வேட்பாளர்' என்ற பெயரில் ஒருவர் நிறுத்தப்பட்டாலோ புகாருக்குக் காத்திருக்காமல் விசாரிக்க வேண்டும்.

நல்ல ஆண்டைகள் இருந்ததில்லையா என்று சிலர் கேட்பார்கள். இருந்திருக்கலாம். ஆனால் ஒருவரின் உரிமை இன்னொருவரின் நல்ல குணத்தை நம்பி நிற்குமானால் அதற்கு உரிமை என்று பெயரில்லை. பண்ணையாளை விடுவித்தவை சங்கமும் ஒப்பந்தமும் மனைப்பட்டாவும். ஊராட்சித் தலைவருக்கும் அவற்றுக்கு நிகரான பிடிமானம் வேண்டும்: தானே இடும் கையெழுத்து, தானே கூட்டும் கூட்டம், தடுப்பவர்மீது உடனே பாயும் சட்டம்.