முதல் டாலருக்கே முப்பது சதவீதம்

கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடைகளில் ஸ்டீமை நெருங்க இன்னொரு கடை இல்லை. அதை நடத்தும் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம், விற்பனையில் 30 சதவீதத்தைக் கமிஷனாக எடுத்துக்கொள்கிறது. 2018 இறுதியில் அது ஒரு சலுகையை அறிவித்தது. ஒரு கேமின் வருவாய் 1 கோடி டாலரைத் தாண்டினால், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 25 சதவீதம். 5 கோடியைத் தாண்டினால் 20 சதவீதம். வருமான வரியில் சம்பாத்தியம் கூடக் கூட விகிதம் ஏறும். இங்கே இறங்குகிறது. மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஸ்டூடியோ முழுக் கமிஷனையும் கட்டுகிறது; நூற்றுக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்துக்குத் தள்ளுபடி கிடைக்கிறது. இதை வால்வ் திருப்பிப் போட வேண்டும்.

சின்ன ஸ்டூடியோ பணம் திரட்ட மூன்று வழிகள் உண்டு. அதன் முதல் முதலீட்டாளர் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். சியாட்டில்காரரான எரிக் பரோன் ‘ஸ்டார்டூ வேலி’யை நாலரை ஆண்டு தனி ஆளாக உருவாக்கினார். புரோகிராம் எழுதியது, படம் வரைந்தது, இசையமைத்தது எல்லாம் அவரே. அந்த ஆண்டுகளில் வீட்டைத் தாங்கியது துணைவியின் சம்பளம். இவர் ஒரு தியேட்டரில் வருபவர்களுக்கு இருக்கை காட்டும் பகுதிநேர வேலை பார்த்தார். 2016 பிப்ரவரியில் 15 டாலர் விலையில் வந்த அந்த கேம், 2024 இறுதிக்குள் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. பத்திரிகைகள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இது. அதே அளவு உழைத்துவிட்டு ஐயாயிரம் பிரதிகூட விற்க முடியாமல் போனவர்களின் வீட்டில் யாருடைய சம்பளம் கரைந்தது என்று யாரும் எழுதுவதில்லை.

இரண்டாவது வழி, விளையாடப் போகிறவர்களிடமே கேட்பது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செரி, 2014-இல் மக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டது. 57,000-க்கு மேல் சேர்ந்தது. அந்தச் சிறு தொகையை ஊன்றி எழுந்ததுதான் 2017-இல் வந்த ‘ஹாலோ நைட்’. கேட்டதைவிட அதிகம் கிடைப்பதும் ஆபத்துதான். அமெரிக்காவின் டபுள் ஃபைன் 2012-இல் 4 லட்சம் டாலர் கேட்டு 33 லட்சம் பெற்றது. திட்டமும் அதற்கேற்பப் பெருத்து, பணம் போதாமல் போய், கேமை இரண்டாகப் பிளந்து முதல் பாதியை விற்ற காசில் மறுபாதியை முடிக்க வேண்டியதாயிற்று. பாதி வெந்த நிலையிலேயே விற்றுக்கொண்டு, வாங்கியவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்தும் ‘எர்லி ஆக்சஸ்’ முறையை 2013 முதல் ஸ்டீமே அனுமதிக்கிறது.

மூன்றாவது, பப்ளிஷரிடம் முன்பணம் வாங்குவது. 15 டாலர் கேமில் கடைக்கு நாலரை டாலர் போய்விடும். மீதியைப் பப்ளிஷரும் ஸ்டூடியோவும் சரிபாதியாகப் பிரித்தால் ஸ்டூடியோவுக்கு 5 டாலர் 25 சென்ட். அதிலும் இனிமேல்தான் வரி. முன்பணம் கழியும் வரை பெரும்பங்கு பப்ளிஷருக்கே போகும் ஒப்பந்தங்களும் உண்டு.

மிஞ்சும் இந்தப் பணத்தில்தான் சின்ன ஸ்டூடியோக்கள் வாங்கியவர்களின் விசுவாசத்தைச் சம்பாதிக்கின்றன. பரோன் 2024 மார்ச்சில், கேம் வெளிவந்து எட்டு ஆண்டு கழித்து, ஒரு பெரிய அப்டேட்டை வெளியிட்டார். அதற்கும் காசு கேட்கவில்லை. டீம் செரி தன் கிக்ஸ்டார்ட்டர் ஆதரவாளர்களுக்கு ஒரு கூடுதல் கதாபாத்திரத்தை வாக்களித்திருந்தது. அது வளர்ந்து ‘சில்க்சாங்’ என்ற தனி கேமாகி 2025 செப்டம்பரில் வெளிவந்தபோது அந்த ஆதரவாளர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 20 டாலர். பெரிய நிறுவனங்கள் 70 டாலருக்கு விற்கும் காலத்தில் இந்த விலை. வெளியான அன்று வாங்க வந்த கூட்டத்தைத் தாங்காமல் ஸ்டீம் உள்பட பல கடைகள் திணறின.

மலிவாகக் கொடுப்பது மட்டுமே வழி என்று நினைத்துவிடக் கூடாது. செக் தலைநகர் பிராகில் இருக்கும் வூபே சாஃப்ட்வேர் தன் ‘ஃபேக்டோரியோ’வைத் தள்ளுபடியில் விற்பதே இல்லை. 2023 ஜனவரியில் விலைவாசியைக் காரணம் காட்டி 30 டாலரை 35 ஆக்கவும் செய்தது. ஸ்டீமின் தள்ளுபடித் திருவிழாக்களுக்காகவே பணம் எடுத்து வைக்கும் கூட்டத்திடம் இது எடுபட்டதற்குக் காரணம் உண்டு. தள்ளுபடி கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். நேற்று வாங்கியவர் இன்று ஏமாந்தவர் ஆவதில்லை. கேம் உருவான காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும், என்ன செய்தோம், எது சொதப்பியது, ரயில் பாதை வளைவதில் என்ன சிக்கல் என்றெல்லாம் விளக்கி எழுதினார்கள். வாங்கியவர்களை விவரம் தெரிந்தவர்களாக மதித்ததற்குக் கிடைத்த பலன் அது.

ஆனால் இலவச அப்டேட் செலவில்லாமல் வருவதில்லை. கேம் வெளியான பிறகும் மாதாமாதம் சம்பளமும் வாடகையும் போய்க்கொண்டிருக்கும். ஒரு சின்ன கேம் 2 லட்சம் டாலர் ஈட்டுகிறது என்று வையுங்கள். கடையின் பங்கு 60,000 டாலர், ஏறத்தாழ 50 லட்சம் ரூபாய். சென்னையிலோ புணேயிலோ அது சில புரோகிராமர்களின் ஓராண்டுச் சம்பளம். அடுத்த அப்டேட் வருவதும் நிற்பதும் அந்தத் தொகையில் இருக்கிறது.

வால்வ் சும்மா வாங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 100 டாலர் கட்டினால் யாரும் கடை விரிக்கலாம்; விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அந்தப் பணமும் திரும்பி வரும். வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். அறிமுகமில்லாத ஸ்டூடியோவின் கேமைத் துணிந்து வாங்க வைப்பது அந்த உத்தரவாதம்தான். ஸ்டூடியோ தன் சொந்தத் தளத்தில் விற்கும் ஸ்டீம் கீகளுக்கு, அதாவது கேமை ஸ்டீமில் திறக்கும் குறியீடுகளுக்கு, கமிஷன் கேட்பதும் இல்லை. இவற்றுக்கெல்லாம் காசு கொடுப்பது நியாயம். சின்னவர் பெரியவரைவிட அதிக விகிதத்தில் கொடுப்பதற்கு இதில் எந்த நியாயமும் இல்லை.

பிடிக்காதவர்கள் வேறு கடைக்குப் போகட்டும் என்பார்கள். 2018 டிசம்பரில் தொடங்கிய எபிக் கடை 12 சதவீதம்தான் கேட்டது. இட்ச் தளத்தில் பங்கு எவ்வளவு என்பதை விற்பவரே தீர்மானிக்கலாம். இருந்தும் வாங்குகிறவர்கள் ஸ்டீமிலேயே இருக்கிறார்கள். பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த கேம்களும் நண்பர்களும் அங்கே இருக்கும்போது யார் பெட்டியைக் கட்டுவார்? மற்ற கடைகளில் விலை குறைத்து விற்கவும் வால்வ் விடுவதில்லை என்று குற்றம் சாட்டி, வுல்ஃபயர் கேம்ஸ் என்ற சின்ன ஸ்டூடியோ 2021-இல் வழக்குத் தொடுத்தது. வால்வ் அதை மறுக்கிறது. 2024 நவம்பரில் நீதிமன்றம் அதைக் கூட்டு வழக்காக நடத்த அனுமதித்திருக்கிறது.

கமிஷனைக் குறைத்தால் குப்பை குவியும் என்ற வாதத்தில் சாரமில்லை. 2024-இல் மட்டும் ஸ்டீமில் 18,000-க்கு மேற்பட்ட கேம்கள் வந்திறங்கின. முப்பது சதவீதம் எதைத் தடுத்தது? விற்காத கேமுக்குக் கமிஷனே இல்லை. வாசலில் நிற்பது நுழைவுக் கட்டணம். வேண்டுமானால் அதை ஏற்றட்டும்.

மற்றவர்கள் எதிர்த்திசையில் போய்விட்டார்கள். ஆப்பிள் 2021 முதல் ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குள் ஈட்டும் நிறுவனங்களிடம் 15 சதவீதம் வாங்குகிறது. கூகுளும் அதே ஆண்டில், முதல் 10 லட்சத்துக்கான பங்கை 15 சதவீதம் ஆக்கியது. எபிக் 2025 ஜூன் முதல், ஒரு கேமின் ஆண்டு வருவாயில் முதல் 10 லட்சம் டாலருக்குப் பங்கே கேட்பதில்லை. இவர்கள் ஒன்றும் தர்மசத்திரம் நடத்துகிறவர்கள் அல்லர். ஆப்பிளும் கூகுளும் வழக்குகளின் நெருக்கடியில் இறங்கி வந்தவர்கள்.

நெருக்கடிக்குப் பலன் உண்டு என்பதற்கு, கேம் உருவாக்க உதவும் எஞ்சினான யூனிட்டி சாட்சி. ஒவ்வொரு முறை கேம் இன்ஸ்டால் ஆகும்போதும் கட்டணம் என்று 2023 செப்டம்பரில் அது அறிவித்தது. ஸ்டூடியோக்கள் கொதித்தன. ‘டெராரியா’வை உருவாக்கிய ரீ-லாஜிக், போட்டியான இலவச எஞ்சின் கோடோவுக்கு ஒரு லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தது. அடுத்த மாதமே யூனிட்டியின் தலைமை அதிகாரி பதவி விலகினார். ஓராண்டில் கட்டணம் அடியோடு ரத்தானது.

சின்ன ஸ்டூடியோக்கள் பிழைத்தால் என்ன கிடைக்கும் என்பது நம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையைக் களமாக்கி டொரன்டோவில் உருவான ‘வெண்பா’, 2024-இல் அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. புணேயில் உருவான ‘ராஜி’ 2017-இல் கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டாமல் போய், எப்படியோ தாக்குப்பிடித்து 2020-இல் வெளிவந்தது. சந்தைக் கணக்குப் பார்க்கும் பெரிய நிறுவனம் இட்லி அவிக்கும் கேமுக்குப் பணம் போட்டிருக்குமா என்பது சந்தேகமே.

கேமின் வருவாயில் முதல் 10 லட்சம் டாலருக்கு வால்வின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதனால் எந்த ஒரு கேமிலும் அதற்கு ஏற்படும் இழப்பு 2 லட்சம் டாலருக்கு மேல் போகாது. பங்குச் சந்தையில் இல்லாத தனியார் நிறுவனம் என்பதால் யாருக்கும் காலாண்டுக் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. 1 கோடியைத் தாண்டியவர்களுக்குக் கொடுத்திருக்கும் சலுகை அப்படியே இருக்கட்டும். அதில் கைவைக்கச் சொல்லவில்லை.