மீன் கரையில் மீனெண்ணெய் விற்பவர்

கடும் மாதவிடாய் வலி தரும் எண்டோமெட்ரியோசிஸுக்கு ஹார்மோன் மருந்து வேண்டாம், மீனெண்ணெயும் விட்டமின் டியும் போதுமாம். இப்படிச் சொல்லிப் போத்தல் விற்கும் நண்பர், இதை மீனவக் கிராமமான உடப்பின் கரையில் நின்று சொல்லிப் பார்க்கட்டும். கரைவலை மீனைப் பிரித்து, கருவாடு காயப்போடும் பெண்களுக்கு மீனும் குறைவில்லை, வெயிலும் குறைவில்லை. உலகில் பிள்ளை பெறும் வயதில் பத்தில் ஒரு பெண்ணுக்கு வருகிற நோய் உடப்பை மட்டும் விட்டுவைக்குமா?

சோதித்தும் பார்த்தாயிற்று. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இந்த நோயுள்ள 12 முதல் 25 வயது வரையான பெண்கள் ஆறு மாதம் பங்கெடுத்தார்கள். விட்டமின் டி எடுத்தவர்களுக்கு வலி குறைந்தது. வெற்றுக் குளிசை விழுங்கியவர்களுக்கும் ஏறக்குறைய அதேயளவு குறைந்தது. மீனெண்ணெய் இரண்டுக்கும் பின்னால். சிறிய ஆய்வுதான், நண்பரிடம் அதுகூட இல்லை.

கருப்பைக்கு வெளியே வளர்ந்து சூலகத்தையும் குடலையும் ஒட்டவைக்கும் திசுவை மீனெண்ணெயா கரைக்கும், விட்டமினா கரைக்கும்? அதிக இரத்தப்போக்கால் சோகை கண்டவளுக்கு இரும்புச்சத்து கொடுப்பது வேறு கதை, அது வேண்டியதுதான். சிலாபம் அரச வைத்தியசாலையில் காசில்லாமல் காட்டலாம்; போத்தலுக்குத்தான் காசு. "கலியாணம் கட்டினால் சரியாகிவிடும்" என்று சொல்லிச் சொல்லியே வலியில் துடித்த பிள்ளைகளின் வருஷங்களைத் தின்றோம். மிச்சத்தை இனி இந்தப் போத்தல் தின்னட்டும் என்கிறாரா?