படுத்துக்கொண்டால் போதுமா?

கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், ஒருநாள்கூட லீவு போட வேண்டாம் என்று எழுதிய கிளினிக் பலகைகளை அண்ணா நகரிலும் நுங்கம்பாக்கத்திலும் மட்டும் பார்த்த காலம் மலையேறிவிட்டது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் இன்று அவை உண்டு. வலிக்குக் கரண்ட், இடுப்புக்கு இழுவை, தொப்பைக்குக் குளிர் சிகிச்சை, பத்து சிட்டிங்குக்குச் சேர்த்துப் பணம் கட்டினால் தள்ளுபடி. இந்த வடசென்னைப் பகுதியில் அவற்றுக்கு ஆள் சேர்வதில் வியப்பில்லை. துறைமுக வாசலுக்காக எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் கிடக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர்கள், காசிமேட்டில் விடியுமுன் மீன் கூடை தூக்கும் பெண்கள், மணலியில் கழுத்தைக் குனித்தபடியே வெல்டிங் வைப்பவர்கள், கிடங்குகளில் சிமென்ட் மூட்டை இறக்குபவர்கள் என்று உடம்பை மூலதனமாக வைத்துப் பிழைக்கிற ஊர் இது. அந்த உடம்பு ஒருநாள் மறுக்கிறது. ஆபரேஷனுக்குப் பயந்தவர்களும் அதற்கு வழியில்லாதவர்களும் கத்தியில்லாத வைத்தியத்தைத் தேடுவதில் தவறே இல்லை. முதுகுவலியும் மூட்டுவலியும் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதுதான் சரியான வழியும்கூட. என் வருத்தம் வேறு. கத்தியில்லாத சிகிச்சைகளுக்குள்ளேயே, பயன் தருவதாக நிரூபணமான பகுதி ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. நிரூபணம் குறைந்த பகுதி பேக்கேஜாகக் கட்டி விற்கப்படுகிறது.

ஐ.எஃப்.டி. என்று எல்லோரும் சொல்லும் கரண்ட் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். இடுப்பில் நான்கு பட்டைகளை ஒட்டுகிறார்கள். நொடிக்கு 4,000 அதிர்வுகளுக்குப் பக்கத்தில் சற்றே வேறுபட்ட இரண்டு மின்னோட்டங்கள் குறுக்குமறுக்காகப் பாய்கின்றன. அவை சந்திக்கும் இடத்தில் நொடிக்கு நூறு போல ஒரு மெல்லிய துடிப்பு பிறக்கிறது. எறும்பு ஊர்வதுபோல இருக்கும். கால் மணி நேரத்தில் மணி அடித்துவிடும். வலி அப்போதைக்கு மங்குவது உண்மைதான். ஆனால் நாள்பட்ட முதுகுவலி இதனால் தீருகிறதா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் திருப்தியடையவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதுகுவலிக்கு ஐ.எஃப்.டி., டென்ஸ் என்னும் நரம்புத் தூண்டல் கரண்ட், அல்ட்ராசவுண்ட், இழுவை, இடுப்புப் பட்டை எதையும் தர வேண்டாம் என்றது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், முதுகுவலியால் அவதிப்படும் சுமார் 62 கோடிப் பேரை மனத்தில் வைத்து வெளியிட்ட வழிகாட்டுதலும் இழுவை, அல்ட்ராசவுண்ட், டென்ஸ், இடுப்புப் பட்டை ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. இரண்டுமே பரிந்துரைப்பது உடற்பயிற்சியை; வலி என்றால் என்ன, எதற்குப் பயப்பட வேண்டாம் என்று நோயாளிக்குப் புரியவைப்பதை.

“எனக்குக் குறைந்ததே” என்று பலரும் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. திடீரென்று பிடித்துக்கொண்ட இடுப்பு, எதுவும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இளகும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் கிளினிக்குக்குப் போகிறோம். அதற்குப் பிறகு வலி இறங்கத்தானே செய்யும்? இறங்கியதன் பெருமை பத்தாவது சிட்டிங்குக்குப் போய்விடுகிறது. இன்னொன்று, வெப்பமும் மனிதக் கையும் இதம் தருகின்றன. அதை நான் மறுக்க மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல் கைகளால் செய்யும் மசாஜையும் அக்குபஞ்சரையும் தேவைப்படுபவர்களுக்குத் தரலாம் என்கிறது. சித்த மருத்துவம் புறமருத்துவ முறைகளை 32 என்று வகுத்திருக்கிறது. ஒற்றடமும் தொக்கணம் என்னும் மசாஜும் அவற்றில் அடக்கம். வீட்டில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுத்த பாட்டிகள் எதையும் ஆயிரக்கணக்கில் விற்கவில்லை. இதத்தை இதம் என்று சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதையே “ஜவ்வு விலகலைச் சரிசெய்கிறோம்” என்று சொல்லி விற்கும்போதுதான் சிக்கல்.

இந்த ஜவ்வு விலகல் இன்றைய பெரிய பயமுறுத்தல். ஸ்கேன் படத்தை விளக்கொளியில் பிடித்து, “பாருங்க, பிதுங்கியிருக்கு” என்று காட்டியதும் எதிரில் இருப்பவர் பாதி ஊனமானவராகத் தன்னை நினைத்துக்கொள்கிறார். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2015-ல் வந்தது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதத்தினருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதத்தினருக்கும் ஜவ்வு பிதுங்கியிருந்தது. வலி மட்டும் இல்லை. தலைமுடி நரைப்பதைப் போல வயதோடு வருகிற மாற்றங்கள் இவற்றில் பல. காலில் உணர்விழப்போ, சிறுநீர் கழிப்பதில் சிக்கலோ, நாளுக்கு நாள் கூடும் பலவீனமோ இருந்தால் விஷயம் வேறு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்படி எதுவும் இல்லாதவரிடம் படத்தைக் காட்டிப் பயமுறுத்தி இழுவைக் கட்டிலில் கிடத்துவது, அவரைத் தன் முதுகைக் கண்டே அஞ்சுபவராக மாற்றிவிடும். அஞ்சுபவர் குனிய மாட்டார், நடக்க மாட்டார். தசை இளைக்கும், வலி நிலைத்துவிடும்.

கத்தியில்லாத சிகிச்சை அதன் முழு பலத்தோடு எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். வடசென்னைக்காரர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனால் போதும். 1970-களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கைகளுக்கென்று தனி அறுவைப் பிரிவை வளர்த்தெடுத்தார். பிரஸ்ஸில் நசுங்கிய விரல்களும் கட்டரில் அறுந்த தசைநாண்களும் வந்துகொண்டே இருக்கும் தொழிற்பேட்டைக்கு நடுவில் அந்தப் பிரிவு அமைந்தது. கை அறுவையில் தையல் போடுவது பாதி வேலைதான். தைத்த தசைநாணை அசைக்காமல் விட்டால் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டு விரல் கட்டையாகிவிடும். அளவு மீறி அசைத்தால் தையல் விட்டுவிடும். எத்தனை பாகை மடக்கலாம், எந்த வாரத்தில் எவ்வளவு எடை பிடிக்கலாம் என்று ஒரு சிகிச்சையாளர் கூடவே இருந்து சொல்லித்தர வேண்டும். மடக்குவதும் நீட்டுவதும் நோயாளியின் வேலை. அவருக்குப் பதிலாக எந்த இயந்திரமும் அதைச் செய்துவிட முடியாது. கைக்குப் பொருந்துவது முதுகுக்கும் முழங்காலுக்கும் பொருந்தும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழுகிறது. நாளெல்லாம் சுமை தூக்குபவரிடம் போய் உடற்பயிற்சி செய் என்றால் சிரிக்க மாட்டாரா? அவர் செய்வதே உடற்பயிற்சிதானே? இல்லை என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மனும் அவருடைய கூட்டாளிகளும் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021-ல் எழுதினார்கள். ஓய்வு நேரத்தில் உடலை அசைப்பவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைகின்றன. வேலையில் கடுமையாக உடலை வருத்துபவர்களுக்கு அதே ஆபத்துகள் கூடுகின்றன. வேலையில் ஒரே தசை, ஒரே கோணம், இடைவெளி இல்லாத மணிநேரங்கள். களைத்தால் நிறுத்தும் உரிமையும் கிடையாது. பயிற்சியில் அளவும் நமது, ஓய்வும் நமது. மூட்டை தூக்குபவருக்குத் தேவை ஜிம்மும் டம்பெல்லும் அல்ல. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது. தவழும் நிலையில் வலக்கையையும் இடக்காலையும் ஒன்றாக நீட்டுவது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது. பாய் ஒன்றும் இருபது நிமிடமும் போதும். ஆனால் முதல் சில வாரங்கள் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று திருத்த வேண்டும். அந்தத் திருத்தலுக்குத்தான் பிசியோதெரபிஸ்ட் நான்கரை வருடம் படித்தார். பட்டையை ஒட்டி மணி அடிக்கும்வரை காத்திருப்பதற்கு அல்ல. நோயாளிகள் இயந்திரத்தைக் கேட்கிறார்கள், இயந்திரம் இல்லாவிட்டால் பக்கத்துக் கிளினிக்குக்குப் போய்விடுகிறார்கள் என்று நல்ல சிகிச்சையாளர்களே நொந்துபோவது எனக்குப் புரிகிறது.

“பக்க விளைவு இல்லாத சிகிச்சை, செய்தால் என்ன நஷ்டம்?” என்பது அடுத்த வாதம். நஷ்டம் உண்டு. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர் சூடான மெழுகிலோ வெப்பப் படுக்கையிலோ காலை வைத்தால், சுடுவதே தெரியாமல் கொப்புளம் போடும்; அந்தப் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்பது சர்க்கரை உள்ள எல்லா வீடுகளுக்கும் தெரியும். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் கணக்கிட்டது. அதைவிட எனக்குக் கவலை தருவது காசநோய். முதுகெலும்பில் வரும் காசநோய் முதலில் வெறும் முதுகுவலியாகத்தான் தெரியும். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி இருப்பவர் பரிசோதனைக்குப் போகாமல் மசாஜ் கட்டிலில் இரண்டு மாதம் கிடந்தால், எலும்பு நொறுங்கிக் கால் செயலிழக்கக்கூடும். நோய் கண்டுபிடிக்கப்பட்டால் மாத்திரை அரசிடம் இலவசம்.

தொப்பைக் குளிர் சிகிச்சையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். குச்சி ஐஸ் சப்பும் குழந்தைகளின் கன்னத்தில் கொழுப்பு கரைவதை மருத்துவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். கொழுப்புச் செல் குளிரைத் தோலைவிடக் குறைவாகவே தாங்கும் என்ற அந்த உண்மையை வைத்துப் பாஸ்டன் மருத்துவர்கள் 2008-ல் ஆய்வு வெளியிட்டார்கள், 2010-ல் அமெரிக்க அரசு அந்தக் கருவிக்கு அனுமதி தந்தது. அது மோசடி இல்லை. கையால் பிடிக்க முடிகிற சதையின் தடிமன் சில மாதங்களில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். ஆனால் உடல் எடை குறையாது. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் ஆபத்தான, குடலைச் சுற்றி உள்ளே படிந்த கொழுப்பை அது தொடுவதே இல்லை. சிலருக்குக் கொழுப்பு கரைவதற்குப் பதிலாகக் கட்டியாகப் பெருத்துவிடும். மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா தனக்கு அப்படி நேர்ந்ததை 2021-ல் வெளிப்படையாகச் சொன்ன பிறகே பலருக்கு இது தெரிந்தது. மாதச் சம்பளத்தில் பாதியை இதற்குக் கொடுக்கும் பெண்ணிடம் இவை அத்தனையும் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்தில், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் அட்டவணையில் உடல் பருமன், பக்கவாதம், சர்க்கரை எல்லாம் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1997 முதல் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. விதிகள் வர 2018 ஆகிவிட்டது. இடையில், 2016-ல், சலூனுக்கான உரிமத்தில் நடந்த சென்னை மையம் ஒன்றில் தலைமுடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துபோனார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், யூடியூப் பார்த்து அழகுச் சிகிச்சை கற்க முடியாது என்று எழுத்தில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. பலகையில் இருக்கும் பெயருக்குப் பின்னால் என்ன படிப்பு, எந்தப் பதிவு எண் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ஏழைக்கு நேரமும் இல்லை, அரசு ஆஸ்பத்திரியில் வரிசையும் தாங்காது, பிறகு அவன் தனியார் கிளினிக்குக்குப் போகாமல் என்ன செய்வான் என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபியைக் கொண்டுபோகிறது. அது உண்மையான சாதனை. நடமாடும் தொழிலாளிக்கு அதுபோல ஒன்று வேண்டும். திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஷிஃப்ட் முடிந்த பிறகு, மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை, ஒரு பிசியோதெரபிஸ்டும் பத்துப் பாய்களும் இருந்தால் போதும். விலை உயர்ந்த கருவி ஒன்றுகூட வேண்டாம்.

அதோடு, வலி பிறக்கிற இடத்துக்கும் போக வேண்டும். தொழிலாளர் சட்டம் அறிவிக்க வேண்டிய நோய்களாக ஈய நச்சையும் சிலிக்கோசிஸையும் பட்டியலிடுகிறது. முதுகுவலி அதில் இல்லை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷின் கணக்கில், எல்லா வசதியும் பொருந்தியிருக்கும்போதுகூட ஒருவர் தூக்கலாம் என்று வைத்துக்கொள்ளும் எடை 23 கிலோ. நம் சிமென்ட் மூட்டை 50 கிலோ. பிரிட்டனில் அது 25 கிலோவாகி வெகுகாலமாகிறது. எடையைக் குறைத்தால் கூலி பாதியாகிவிடும் என்று சுமைதூக்குபவர்களே எதிர்ப்பார்கள் என்கிறார்கள். கூலியை மூட்டைக்கு இவ்வளவு என்று பேசாமல் டன்னுக்கு இவ்வளவு என்று பேசினால் அந்தப் பயம் தீரும். 1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு மெட்ராஸ் லேபர் யூனியனை எழுப்பிய பகுதி இது. அடுத்த கூலி ஒப்பந்தத்தில் போனஸுக்குப் பக்கத்தில் மூட்டையின் எடையையும் தொழிற்சங்கங்கள் ஒரு கோரிக்கையாக எழுத வேண்டும்.